பெரியப்பா வீட்டு முருகன் காலண்டர்

பெரியப்பா வீட்டு நடுக்கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டது, கீழே கடுகளவு சிவப்பு பல்பு ராத்திரி பகலாக எரியும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் காலையில் அந்தப் படத்தைக் கழற்றி, பெரியம்மாவின் பழைய புடவையில் சுற்றி, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். அதே ஆணியில் மாட்ட அடுத்த தெருவில் இருந்து முருகன் காலண்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தவன் நான்தான். பெரியப்பா நெற்றியில் திருநீறு. என்னிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, ஆனால் இன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் புரிந்தது.

பெரியப்பா மகனான அண்ணனின் எஸ்.சி. சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார், கிறிஸ்தவ வீடு என்று தெரிந்தால் அது கிடைக்காது, அவ்வளவுதான் விஷயம். வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், டீ குடித்தார், சுவரைப் பார்த்தார். நான் வாங்கி வந்தது போன வருஷத்துக் காலண்டர் என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதோடு, படம் மாட்டியிருந்த இடம் அடுப்புப் புகை படியாமல் வெள்ளைச் சதுரமாகத் தனியாகத் தெரிந்தது, அந்தச் சதுரத்தை மறைக்கும் அளவுக்குக் காலண்டர் பெரிதில்லை. அவர் கவனித்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், அண்ணன் எஸ்.சி. ஆனான். சாயங்காலம் ஆண்டவர் மறுபடி ஆணிக்கு வந்துவிட்டார். பெரியம்மா மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை முழுசாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அந்த நாடகம் நடக்க வழியில்லை. அப்பா உபதேசியார். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஜெபம் நடத்துபவர், சாவு வீட்டில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர், சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆள். அவர் நெற்றியில் திருநீறு வைத்தால் ஊரே சிரிக்கும். அதனால் நான் பி.சி. ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே காலனி, ஒரே தெருக்குழாய், ஊர்க்காரர்கள் எங்கள் இரண்டு வீட்டையும் ஒரே வார்த்தையில்தான் குறிப்பிடுவார்கள், அது எந்த வார்த்தை என்று தமிழ் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் அண்ணன் பட்டியல் சாதி, நான் பிற்படுத்தப்பட்டவன். அண்ணனுக்கு மனசுக்குள் ஆண்டவர், எனக்கு வெளியிலும் ஆண்டவர். வித்தியாசம் அது ஒன்றுதான்.

மத சுதந்திரம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இல்லை, அந்த வெள்ளைச் சதுரம்தான்.

சரி, 25ஆவது பிரிவுக்கும் வருகிறேன். எந்த மதத்தையும் ஏற்கலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம் என்று அது சொல்கிறது. இதில் ‘பரப்பலாம்’ என்ற வார்த்தை சும்மா வந்து விழவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை எடுத்துவிடச் சொல்லிக் காரசாரமாகப் பேசியவர்கள் உண்டு, ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா அதில் முக்கியமானவர். வார்த்தை இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். தான் பதினான்கு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் சொன்னார். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. இந்த நாட்டில் பலர் கிறிஸ்தவத்துக்குப் போனதற்கு அது கொடுத்த அந்தஸ்தும் ஒரு காரணம், அதை ஏன் மறக்க வேண்டும், தாழ்த்தப்பட்ட ஒருவன் கிறிஸ்தவனானால் மேல்சாதிக்காரனுக்குச் சமமாகிறான் என்கிற பொருளிலும் பேசினார். ஒரு ஐயங்கார் அந்தச் சபையில் எழுந்து அப்படிச் சொன்னது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பாதிதான் உண்மை. போனோம், சரி. சமமானோமா?

அந்த விவாதம் முடிந்து இருபது மாதம்தான் ஆகியிருக்கும். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நியாயம்தான். ஆனால் சீக்கிய மதத்திலும் பௌத்தத்திலும் சாதி கிடையாது என்று அந்த மதங்களே சொல்கின்றன. கொள்கையில் இல்லாவிட்டாலும் தெருவில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் சேர்த்தார்கள். எங்களிடம் வரும்போது மட்டும் தெருவைப் பார்க்காமல் வேதாகமத்தைப் பார்க்கிறார்கள்.

சூசை என்பவரின் வழக்கைச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோட்டில் வந்து சேரும் முனையில், ரோட்டோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். ஆதிதிராவிடர், கிறிஸ்தவராக மாறியவர். 1980களின் தொடக்கத்தில், தெருவோரம் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை மாதிரி ஒன்று கொடுத்தது, வெயில் மழைக்கு ஒதுங்கித் தொழில் செய்ய. சூசைக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். மனிதர் சும்மா இருக்கவில்லை, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்.

1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடரலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் இந்து சமூகத்தில் அந்தச் சாதியால் பட்ட கொடுமை, புதிய மதத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கான ஆதாரம் போதவில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டது. நான் பல தடவை யோசித்திருக்கிறேன், அந்த முனையில் உட்கார்ந்து ஊசியும் வாருமாக இருந்த ஒரு ஆள் இந்த ஆதாரத்தை எங்கே போய்ச் சேகரித்திருக்க முடியும்? அவர் செய்துகொண்டிருந்த வேலையே ஆதாரம் இல்லையா? ஞானஸ்நானம் வாங்கியதும் அவர் கையில் இருந்து அறுந்த செருப்பு நழுவிப் போய்விடவில்லையே. நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்த புதிதில் அந்த முனைக்குப் போய்ச் சும்மா நின்றிருக்கிறேன். கார் உதிரி பாகக் கடைகள், ஹாரன் சத்தம். எதைப் பார்க்கப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. மதம் மாறியவர் திரும்பவும் இந்துவாகிவிட்டால், சமூகமும் அவரை ஏற்றுக்கொண்டால், பழைய சாதி திரும்பக் கிடைத்துவிடும். 1984இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் உவமை சொன்னது. மதம் மாறியவரின் சாதி கிரகணம் பிடித்த மாதிரி மறைந்திருக்கிறது, திரும்பினால் கிரகணம் விலகிவிடும். அற்புதமான உவமை. ஆனால் கிரகணத்தின்போது சூரியன் காணாமல் போவதில்லை, அங்கேயேதான் இருக்கிறது. இதைச் சொல்ல வக்கீல் வேண்டாம், ஆறாம் வகுப்பு அறிவியல் போதும்.

2024 நவம்பரில் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. புதுச்சேரிப் பெண் ஒருவர், ஞானஸ்நானம் பெற்றவர், சர்ச்சுக்குப் போகிறவர், வேலைக்காக இந்து என்று சொல்லி எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இப்படிச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியப்பா உயிரோடு இல்லை. சட்டப்படி அவர் செய்தது மோசடிதான், நான் மறுக்கவில்லை. நானும் காலண்டர் தூக்கிய கூட்டாளி. ஆனால் அவர் எந்த விஷயத்தில் பொய் சொன்னார் என்று பார்த்தால், சாதி விஷயத்தில் இல்லை, சாமி விஷயத்தில். உன் சாமி எது என்பது உன் மனசாட்சி என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அதையே கேட்டு விசாரிக்க ஆள் அனுப்புகிற ஏற்பாடு இது.

இதுவரை அரசாங்கத்தைத் திட்டியாகிவிட்டது, சுலபமான பகுதி அது. இனி எங்கள் கோவிலுக்கு வருகிறேன். வீட்டுக்குள்ளே வைத்துப் பேச வேண்டியதை வெளியே சொல்கிறான் என்று சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

எங்கள் பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு வரப்பு இருந்தது. சுவர்கூட இல்லை, முழங்கால் உயர மண் வரப்பு. அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மழையில் கரைந்தால் யாராவது வந்து மண் வெட்டிப் போட்டுச் சரி செய்துவிடுவார்கள், யார் என்று தெரியாது, கேட்கவும் மாட்டோம். திருவிழாத் தேர் ஊர்த் தெருக்களைச் சுற்றிவிட்டு நிலைக்கு வந்துவிடும், காலனிக்கு வராது. ரோடு சரியில்லை என்பார்கள். பிறகு சிமென்ட் ரோடு போட்டார்கள். அப்புறம் கரண்ட் கம்பி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். பூசையில் ஒரே அப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் டீக்கடையில் வேறு வேறு டம்ளர்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோவிலைப் பார்த்திருக்கிறீர்களா? பீடம் ஒன்று, அதில் இருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடங்கள் பிரியும். ஒன்று நாடார்களுக்கு, ஒன்று வெள்ளாளர்களுக்கு, நடுவில் சுவர். சாதிச் சண்டையைச் சமாளிக்கக் கொத்தனாரை வைத்துக் கண்டுபிடித்த தீர்வு. 1910இல்தான் சுவரை இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் சுவர் இருக்கிறது. 2008 மார்ச்சில் அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே மாதாவிடம் ஜெபமாலை சொல்கிறவர்கள்.

2022 மே மாதம் ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவரானதற்காகச் சித்திரவதைப்பட்டு 1752இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், மத சுதந்திரத்துக்கு உயிரைக் கொடுத்த மனிதர் என்றே சொல்லலாம். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ‘பிள்ளை’யை எடுக்கச் சொல்லி இங்கிருந்து கோரிக்கை போய், வாத்திக்கானும் எடுத்துவிட்டது. சந்தோஷம். இருநூற்றெழுபது வருஷத்துக்கு முந்தைய ஒருவரின் பெயரில் இருந்து சாதியை எடுக்க முடிந்த திருச்சபைக்கு, எங்கள் கல்லறையில் இருந்த முழங்கால் உயர வரப்பை எடுக்க என் பாட்டி சாகும்வரை முடியவில்லை.

ஆக, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற பேச்சை உண்மையிலேயே நம்புகிற ஒரே ஆள் இந்திய அரசாங்கம்தான். ஆயர்கள்கூட அந்த அளவுக்கு நம்புவதில்லை.

இணையத்தில் எங்களுக்கு வைத்திருக்கும் பெயர் அரிசி மூட்டை. அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று அர்த்தம். முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் எஸ்.சி. ஒதுக்கீடு 18 சதவீதம். அதில் இருந்து வெளியே போய், எத்தனையோ பெரிய சாதிகள் போட்டி போடும் பி.சி. பட்டியலில் நிற்கிறோம். அந்தப் பட்டியலில் எங்களுக்கான வரியில், எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும் என்று ஒரு குறிப்பு உண்டு, அதாவது நூற்றைம்பது வருஷம் ஆனாலும் மாறியவன் மாறியவன்தான். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதி ஆனபோது, பத்து வருஷமாகத் தண்ணீர்க் குழாய்க்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் அலைந்த ஆள் நிற்க முடியவில்லை, அவர் பெயர் ஞானஸ்நானப் பெயர். அடித்தால் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. இத்தனையும் கொடுத்து வாங்கினால் அது என்ன விலை அரிசி?

அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எப்போது மாறின என்று பெரியவர்களைக் கேட்டால் தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்வார்கள். 1876 முதல் 1878 வரை. லட்சக்கணக்கானோர் செத்த பஞ்சம், அதன் பிறகுதான் தென்னிந்தியாவின் பல இடங்களில் ஊர் ஊராகத் திருச்சபைகளில் சேர்ந்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா கஞ்சிக்காகப் போயிருப்பார், போயிருக்கட்டும். குழந்தை செத்துக்கொண்டிருக்கும்போது கஞ்சி ஊற்றியவன் சாமியைக் கும்பிடுவதில் என்ன அசிங்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை. அந்த ஊரில் குதிர் நிறைய நெல் வைத்திருந்தவர்கள் யாரும் ஊற்றவில்லை. அதைப் பற்றி யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

2002இல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. எனக்கு அப்போது சென்னையில் வேலை. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் மூன்று வருஷம் சிறை, 50,000 ரூபாய் அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ, சிறுவராகவோ, எஸ்.சி., எஸ்.டி.யாகவோ இருந்தால் நான்கு வருஷம், ஒரு லட்சம். இந்தப் பட்டியல் புதிது இல்லை, 1967 ஒரிசா சட்டத்திலேயே உண்டு. அறைத் தோழன், உங்களைப் பாதுகாக்கத்தானே தண்டனையை ஏற்றியிருக்கிறார்கள் என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது. அந்தப் பட்டியலில் என் அம்மா, என் தங்கச்சி மகன், என் பெரியப்பா மூன்று பேரும் ஒரே வரிசையில் இருக்கிறார்கள். பத்து வயதுப் பையனுக்குச் சாமியைத் தேர்ந்தெடுக்க அறிவு போதாது, சரி. அறுபது வயதில் மூன்று ஏக்கர் குத்தகை பார்க்கிற பெரியப்பாவுக்கும் போதாதாம். 2004 மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதியிலும் தோற்றதும் அதே அரசு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. மற்ற மாநிலங்கள் பெறவில்லை, இன்னும் இறுக்குகிறார்கள். உத்தரப் பிரதேசம் 2024இல் ஆயுள் தண்டனை வரை போய்விட்டது. மதம் பரப்பும் உரிமை என்பது மதம் மாற்றும் உரிமை இல்லை என்று 1977இலேயே ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இந்தச் சட்டங்களுக்கு அடித்தளம் பலமாக இருக்கிறது. கேட்பவனின் பக்கத்தில் இருந்து அந்தத் தீர்ப்பு விஷயத்தைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். மாற்றுகிறவனைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. மாறுகிறவன் ஒரு ஆள், அவனுக்கு ஒரு மண்டை இருக்கிறது என்று யாருக்காவது தோன்றுகிறதா?

இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் தரப்பு ஆட்கள் எழுந்து ஒரு பதில் சொல்வார்கள், எனக்கு அதுதான் ரொம்ப எரிச்சல். நாட்டுக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, வேலூர் ஆஸ்பத்திரி, பாளையங்கோட்டைப் பள்ளிகள், லயோலா, தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சடித்த தமிழ்ப் புதிய ஏற்பாடு. எல்லாம் உண்மை. இந்தியாவில் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 6.12 சதவீதம் இருக்கும் ஒரு கூட்டம் செய்த வேலையாகப் பார்த்தால் பெருமைப்படலாம். நானும் அந்த மாதிரிப் பள்ளியில் படித்தவன்தான். ஆனால் ஆஸ்பத்திரி கட்டியதால்தான் சாமி கும்பிட விடுகிறீர்கள் என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, கூலி. ஆஸ்பத்திரி கட்டாத கிறிஸ்தவன் என்ன செய்வான்? சூசை எந்த ஆஸ்பத்திரியும் கட்டவில்லை, செருப்புத் தைத்தார்.

1949இல் சட்டமன்றத் தொகுதிகளில் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்று கிறிஸ்தவத் தலைவர்களே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததையும் இதே ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். எச்.சி. முகர்ஜி, ஜெரோம் டிசௌசா போன்ற பெரிய மனிதர்கள், அவர்களின் தேசபக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. விட்டுக்கொடுத்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கணக்குச் சரியாக இருக்கும்.

ஆணையங்கள் பற்றி எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றது. தூசி படிந்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொன்று, இரண்டு வருஷக் கெடு, பிறகு நீட்டிப்பு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறிஸ்தவர்களுக்கும் பட்டியல் சாதி அந்தஸ்து கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இதை எதிர்க்கும் தலித் தோழர்களும் எனக்கு உண்டு, ஏற்கெனவே சின்னத் தட்டு, அதில் இன்னும் கை வைத்தால் யாருக்கும் வயிறு நிறையாது என்பார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, தட்டைப் பெரிதாக்கச் சொல்லிச் சேர்ந்தே கேட்போம் என்பேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது, டீ சொல்லுவோம்.

போன வருஷம் என் மகளின் சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்குப் போனோம். வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்க்கும் காலம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன், இப்போது கணினியில் ஒரு கட்டம்தான். அந்தப் பெண் விரலைத் தட்டச்சுப் பலகையில் வைத்துக்கொண்டு, அண்ணா, மதம் என்ன போடட்டும் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ஒரு நொடி தயங்கினேன், ஏன் தயங்கினேன் என்று தெரியவில்லை. மகள் முந்திக்கொண்டு கிறிஸ்தவம் என்றாள். அப்போ பி.சி., என்றாள் அந்தப் பெண், தட்டினாள், அடுத்த பக்கம் வந்துவிட்டது. போட்டோ அளவு கூடுதலாக இருக்கிறது, குறைத்துக் கொண்டு வாருங்கள் என்றாள். அதற்குத்தான் பக்கத்து ஸ்டுடியோவில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது.